இரவல் செங்கோல்: கேத்தரின் தெ மெடிசியின் முப்பது ஆண்டுகள்

1560 டிசம்பர் முதல் வாரம். ஒர்லேயான் நகரத்தில் பிரான்சின் அரசன் இரண்டாம் பிரான்சிஸ் காதில் சீழ் பிடித்துச் சாகக் கிடந்தான். பதினேழு வயது நிறையவில்லை, பிள்ளையும் இல்லை. அடுத்து முடிசூட வேண்டிய தம்பி சார்லஸுக்குப் பத்து வயது. அந்தப் பையன் பெயரில் நாட்டை யார் ஆள்வது என்ற பேச்சு, அண்ணனின் மூச்சு நிற்பதற்கு முன்பே அரண்மனையில் தொடங்கிவிட்டது.

உரிமை கோரக்கூடியவர் அரச குலத்தின் முதல் இளவரசர், நவார் நாட்டு அரசர் அந்துவான் தெ பூர்போன். அவருடைய தம்பி கோந்தே அப்போது சிறையில் இருந்தார். அரசனுக்கு எதிராகச் சதி செய்தார் என்று குற்றம் சாட்டி, தலையை எடுக்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சிறையில் தள்ளியது கீஸ் குடும்பம்: போர்த்தளபதியான கீஸ் பிரபுவும் அவருடைய தம்பி லொரேன் கார்டினலும். சாகக் கிடக்கும் அரசனின் மனைவி மேரி ஸ்டுவர்ட்டுக்கு இவர்கள் தாய்மாமன்மார். அந்த உறவை வைத்துத்தான் பதினேழு மாதமாக நாட்டை ஆண்டார்கள். அரசன் போய்விட்டால் மேரி வெறும் விதவை, மாமன்மாருக்கும் பிடி இருக்காது.

இரு தரப்புக்கும் பயம் இருந்தது. அதைச் சரியாகக் கணக்குப் போட்டவர் அரசனின் தாய் கேத்தரின். கீஸ் சகோதரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்துவானை வரவழைத்தார். பூர்போன் குடும்பம் செய்த துரோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஆட்சிப் பொறுப்பு உமக்குக் கிடையாது என்று தெரியப்படுத்தினார். அந்துவான் கலங்கிப்போய் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குத் துணைத் தளபதிப் பட்டம், தம்பிக்கு உயிர். அப்புறம் அந்துவானையும் கீஸ்களையும் கட்டித் தழுவ வைத்தார். டிசம்பர் 5 அன்று பிரான்சிஸ் இறந்தான். அந்த மாதம் முடிவதற்குள் கேத்தரினுக்கு ‘பிரான்சின் ஆட்சித்தலைவி’ என்ற பட்டத்தை அரச சபை ஒப்புக்கொண்டது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

மகன் செத்துக்கொண்டிருக்கும்போதா இந்த பேரம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வாரம் அவர் அழுதுகொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தால், மிச்சமிருந்த மூன்று பையன்களும் ஏதோ ஒரு குடும்பத்தின் கைப்பொம்மைகளாகப் போயிருப்பார்கள்.

அரியணையில் உட்கார எந்த உரிமையும் இல்லாத, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விதவை முப்பது ஆண்டுகள் ஓர் அரசாங்கத்தின் நடுவில் எப்படி இருந்தார் என்பதுதான் இங்கே கேள்வி. என் கணிப்பு இது: அவர் கையில் இருந்தது எல்லாமே இரவல். மகன்களின் பெயர், பிரபுக்களின் படை, மதத் தலைவர்களின் தற்காலிக நம்பிக்கை. மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்து வண்டியை ஓட்டினார். 1572 ஆகஸ்டில் மூன்றாவது கடன் முறிந்தது. அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொரு சமாதானத்தையும் ஊர் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

வரதட்சணைப் பாக்கி வைத்துவிட்டுப் போன போப்

கேத்தரின் பிறந்தது 1519 ஏப்ரல் 13, புளோரன்ஸில். மூன்று வாரத்துக்குள் தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய் பிரெஞ்சு உயர்குடிப் பெண், தகப்பன் மெடிசி குடும்பம். அந்தக் குடும்பம் வங்கித் தொழிலில் சம்பாதித்து மேலே வந்தது என்பதால், ‘கடைக்காரர் வீட்டுப் பெண்’ என்ற ஏளனம் பிரான்சில் அவரைக் கடைசிவரை துரத்தியது.

1527இல் புளோரன்ஸ் மெடிசிகளைத் துரத்திவிட்டு, எட்டு வயதுச் சிறுமியைப் பிணையாகக் கன்னிமாடங்களில் வைத்தது. 1530இல் நகரம் முற்றுகையில் கிடந்தபோது, அவளைக் கழுதை மேல் ஏற்றி, ஏசும் கூட்டத்தின் நடுவே வேறொரு மாடத்துக்குக் கொண்டுபோனார்கள். சிப்பாய்களிடம் கொடுத்துவிடலாம் என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதைப் பிற்காலத்தில் தூதர்கள் அவரிடம் வியந்தார்கள். அதை அவர் எங்கே படித்தார் என்று தேட வேண்டியதில்லை.

உறவினரான போப் ஏழாம் கிளமெண்ட் பேசி முடித்த கல்யாணம் 1533 அக்டோபர் 28 அன்று மார்செய்யில் நடந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சு அரசரின் இரண்டாவது மகன் ஹென்றி. இருவருக்கும் பதினான்கு வயது. மறு ஆண்டே கிளமெண்ட் இறந்தார். அடுத்த போப் வரதட்சணைப் பாக்கியைத் தர மறுத்துவிட்டார். பெண் வெறுங்கையோடு வந்துவிட்டாள் என்று மாமனார் புலம்பினாராம்.

1536இல் மூத்த மைத்துனன் இறக்க, ஹென்றி பட்டத்து இளவரசர் ஆனார். பத்து ஆண்டு குழந்தை இல்லை. கணவரின் மனதோ அவரைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த தியான் தெ புவாத்தியேவிடம் இருந்தது. விலக்கி வைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. 1544இல் முதல் மகன் பிறந்தான். அவனோடு சேர்த்து வரிசையாகப் பத்துப் பிள்ளைகள், கடைசி இரட்டைப் பெண்களின் பிறப்பில் அவரே பிழைத்தது பெரிது. பத்தில் ஏழு பிள்ளைகள் தங்கினார்கள். 1547இல் ஹென்றி அரசரானார். கேத்தரின் அரசியானார், செல்வாக்கு தியானிடமே இருந்தது.

1559 ஜூன் 30 அன்று பாரிஸில் நடந்த ஈட்டிப் போட்டியில் ஓர் ஈட்டி முறிந்து அதன் சிலாம்பு ஹென்றியின் கண்ணுக்குள் பாய்ந்தது. பத்து நாளில் அரசர் இறந்தார். பிரெஞ்சு அரசிகள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்துவது வழக்கம். கேத்தரின் கறுப்பு உடுத்தினார், சாகும்வரை மாற்றவில்லை. முறிந்த ஈட்டியைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டார். இதில் கணவர் மேல் இருந்த அன்பு உண்மையானதுதான். கூடவே ஒரு கணக்கும் இருந்தது: அவையில் நுழையும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்பு உடை, இவர் அரசரின் விதவை, அரசர்களின் தாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தியானை விரட்டாமல், ஷெனொன்சோ மாளிகையை வாங்கிக்கொண்டு ஷொமோன் மாளிகையைக் கொடுத்து அனுப்பினார்.

ஏன் தாயை விட்டார்கள்

பிரான்சின் மரபுச் சட்டப்படி பெண் அரியணை ஏற முடியாது. இது கேத்தரினுக்குத் தடை என்று நினைப்போம். நடைமுறையில் அதுதான் அவருக்குக் கதவைத் திறந்தது. சிறுவன் அரசனாக இருக்கும்போது சித்தப்பன் முறைக்காரர் ஆட்சியை நடத்தினால், நாளைக்கு அவரே முடிசூடிக்கொள்ளலாம். தாய் அதைச் செய்ய முடியாது. பையன் செத்தால் அவர் அதிகாரமும் போய்விடும். ஆகவே பையன் உயிரோடு இருப்பதில் அவரைவிட அக்கறை கொண்டவர் யாரும் இருக்க முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயிக்காக நாட்டை நடத்திய தாய் பிளான்ஷ் முன்னுதாரணமாக இருந்தார்.

அதிகாரத்தை எங்கே பிடித்துவைத்தார் என்று பார்த்தால், எல்லாம் சின்னச் சின்ன இடங்கள். பையனின் அறையிலேயே படுத்தார். அரசனுக்கு வரும் கடிதங்களை முதலில் அவர் பிரித்தார். தனக்கென்று முத்திரை செய்துகொண்டார். பதவி நியமனங்கள் அவர் கண்ணில் படாமல் போகாது. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அவர் கடிதங்களில் ஆயிரக்கணக்கானவை இன்றைக்கும் இருக்கின்றன. பெண்களைக் கட்டிக்கொடுத்த இடங்களும் கணக்குத்தான்: எலிசபெத் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு, கிளாத் லொரேன் பிரபுவுக்கு.

அவர் கையில் இல்லாதவை வேறு. கஜானா காலி. 1560 டிசம்பரில் கூடிய, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவைக்குச் சொல்லப்பட்ட கடன், அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 4 கோடி லிவ்ருக்கு மேல், அதாவது ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். மாகாணங்கள் பெரிய குடும்பங்களிடம் இருந்தன. லாங்டாக்கில் மொன்மொரன்சி, கியேனில் நவார், ஷாம்பேனில் கீஸ். ஆணை பாரிஸிலிருந்து போகும், அதை நடத்துவதும் நடத்தாததும் அவர்கள் விருப்பம். படைத்தலைவர்களும் அதே குடும்பத்தார்தான்.

1562: சட்டம் சரி, காவலர் யார்?

ஹூகனாட் எனப்பட்ட புராட்டஸ்டண்டுகள் அப்போது பிரான்சில் பத்தில் ஒருவர் என்று மதிப்பிடுவார்கள். பிரபுக்களுக்குள் இன்னும் அதிகம். கேத்தரின் கத்தோலிக்கர். இறையியலில் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. 1561 செப்டம்பரில் புவாசியில் இரு தரப்புக் குருமார்களையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னார். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் பங்காளிச் சண்டை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது. நற்கருணை அப்பத்தில் கிறிஸ்து இருக்கிறாரா என்ற இடத்தில் பேச்சு உடைந்தது. அந்தக் கேள்வி பங்காளிச் சண்டையாக இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, மனம் ஒன்றாகாவிட்டால் போகட்டும், ஒரே நாட்டில் இரண்டு வழிபாடு இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அடுத்த படிக்கு அவரும் முதன்மை மந்திரி மிஷேல் தெ லொபிதாலும் வந்தார்கள். 1562 ஜனவரி ஆணை, ஹூகனாட்டுகள் நகரச் சுவருக்கு வெளியே கூடி வழிபடலாம் என்று அனுமதித்தது. ஐரோப்பாவில் அன்றைக்கு இது துணிச்சலான சட்டம்.

ஆறு வாரம்தான் தாங்கியது. மார்ச் 1 அன்று வாசி என்ற சிற்றூரில் ஒரு கொட்டகையில் ஜெபம் செய்துகொண்டிருந்த ஹூகனாட்டுகள் மேல், தீவிரக் கத்தோலிக்கரான கீஸ் பிரபுவின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஐம்பது பேருக்குக் குறையாமல் செத்தார்கள். கீஸ் பாரிஸுக்கு வந்தபோது ஊர் அவரை வீரனாக வரவேற்றது. கேத்தரின் மகனோடு பொந்தேன்புளோவில் இருந்தார். ஹூகனாட்டுகளின் தலைவரான கோந்தேவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், தாயையும் பிள்ளைகளையும் காப்பாற்று என்று. அவர் வருவதற்கு முன் கீஸின் ஆட்கள் வந்து, அரசனைப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார்கள். பின்னால் அந்தக் கடிதங்களையே கோந்தே வெளியிட்டு, அரசி அழைத்துத்தான் நான் ஆயுதம் எடுத்தேன் என்றார்.

இந்த வழக்கின் முடிச்சு முழுக்க அந்த ஒரு மாதத்தில் இருக்கிறது. ஆணையில் குற்றமில்லை. அதை மீறியவனைப் பிடிக்க ஒரு படைப்பிரிவுகூட அவர் சொல்லுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டு இல்லை. கீஸை அடக்கக் கோந்தேயைத்தான் கூப்பிட வேண்டும், கோந்தேயை அடக்கக் கீஸைத்தான்.

முதல் உள்நாட்டுப் போரில் அந்துவான் செத்தார். 1563 பிப்ரவரியில் கீஸ் பிரபு சுடப்பட்டு இறந்தார். பெரிய தலைகள் போனதும் கேத்தரினுக்குக் கை ஓடியது. மார்ச்சில் அம்புவாஸ் ஒப்பந்தம், ஜூலையில் இரு மதத்தாரையும் சேர்த்து அனுப்பி ஆங்கிலேயரிடமிருந்து லெ ஹாவ்ர் துறைமுகத்தை மீட்டது, ஆகஸ்டில் பதின்மூன்று வயது சார்லஸை வயது வந்தவராக அறிவித்தது. ஆணைகளை நடத்திவைக்க மாகாணங்களுக்கு ஆணையர்களையும் அனுப்பினார்.

அப்புறம் 1564 முதல் 1566 வரை இரண்டு ஆண்டுக்கு மேல் அரசவையையே வண்டியேற்றி நாடு முழுக்கச் சுற்றினார். அரசனை மக்கள் கண்ணால் பார்க்கட்டும், ஆணையைப் பதிய மறுக்கும் நீதிமன்றங்களை அரசனே போய் அதட்டட்டும் என்பது திட்டம். சலோன் ஊரில் ஜோசியர் நோஸ்திரதாமுஸைப் பார்த்தார்கள், கேத்தரினுக்கு ஜோசியத்தில் தீராத பித்து. ஆண்டு ஜனவரி 1இல் தொடங்க வேண்டும் என்ற ஆணை ரூசியோனில் உறுதியானதும் இந்தப் பயணத்தில்தான். பயணக் கூட்டத்தில் அந்துவானின் மகன், பத்து வயது நவார் ஹென்றியும் இருந்தான்.

அதே பயணம் ஒரு விதையையும் போட்டது. 1565இல் பயோன் நகரில் மகள் எலிசபெத்தைப் பார்க்கப் போனார். மாப்பிள்ளை வரவில்லை, ஸ்பெயினின் ஆல்பா பிரபுவை அனுப்பியிருந்தார். ஹூகனாட் தலைவர்களை ஒழித்துக்கட்டு என்று ஆல்பா வற்புறுத்தினார். கேத்தரின் பிடி கொடுக்கவில்லை. மூடிய கதவுக்குப் பின் நடந்த பேச்சை ஊர் வேறு மாதிரி ஊகித்தது. 1567இல் ஆல்பா பெரிய படையோடு பிரெஞ்சு எல்லையை ஒட்டி நெதர்லாந்துக்குப் போக, ஹூகனாட்டுகள் மிரண்டு மோ என்ற ஊர் அருகே அரசனைக் கைப்பற்றப் பார்த்தார்கள். விடிய விடிய ஓடி பாரிஸ் சேர்ந்தது அரச குடும்பம். அதன்பின் கேத்தரினின் பேச்சில் ஒரு கசப்பு ஏறியது. 1568இல் லொபிதால் வெளியே போனார்.

ஆறு நாட்கள்

மூன்றாவது போரின் முடிவில், 1570 ஆகஸ்டில் வந்த சமாதானத்தைக் கல்யாணத்தால் கட்டிப்போட நினைத்தார் கேத்தரின். இளைய மகள் மார்கரெத்தை நவார் ஹென்றிக்குக் கொடுப்பது. சம்பந்தி அம்மாள் ழான் தால்பிரே தீவிர புராட்டஸ்டண்ட், சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சம்மதித்த சில வாரத்தில், 1572 ஜூனில் அவர் இறந்தார். நஞ்சு தோய்த்த கையுறை கொடுத்துக் கேத்தரின் கொன்றார் என்ற கதை அங்கே பிறந்தது. ழான் நெடுநாளாக நுரையீரல் நோயால் இளைத்திருந்தவர்.

ஆகஸ்ட் 18 அன்று கல்யாணம். பாரிஸ் முழுக்க ஹூகனாட் பிரபுக்கள், எரிச்சலோடு பார்க்கும் கத்தோலிக்க நகரம். 22 காலை, அரண்மனையிலிருந்து திரும்பிய ஹூகனாட் தலைவர் அட்மிரல் கொலிஞி மேல் ஒரு ஜன்னலிலிருந்து குண்டு வந்தது. விரல் போனது, கை கிழிந்தது, உயிர் போகவில்லை. ஏவியவர் யார்? வீடு கீஸ் ஆட்களோடு தொடர்புடையது. தகப்பன் கொலைக்குக் கொலிஞிதான் காரணம் என்று கீஸ் மகன் நம்பினார். நெதர்லாந்தில் ஸ்பெயினுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சார்லஸைக் கொலிஞி தூண்டியதால் கேத்தரினே ஏவினார் என்பது பழைய வாதம். ஸ்பெயினைச் சொல்பவர்களும் உண்டு. மகள் கல்யாணத்துக்காக இரண்டு ஆண்டு மாடாய் உழைத்தவர், பந்தல் பிரிப்பதற்குள் அதை எரிப்பாரா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அதற்கடுத்த இரவு பற்றி அப்படிச் சந்தேகிக்க இடமில்லை. அரசனும் தாயும் கொலிஞியின் கட்டிலருகே போய் நீதி வாக்களித்தார்கள். ஹூகனாட்டுகள் நியாயம் கேட்டு மிரட்டினார்கள். நகரத்துக்கு வெளியே அவர்கள் படை இருந்தது. இன்னொரு மோ வந்துவிடும் என்ற பயத்தில், 23 இரவு கூடிய சபை தலைவர்களைக் கொன்றுவிட முடிவெடுத்தது. கேத்தரின் அந்த அறையில் இருந்தார். தலைவர்களோடு முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தால் அது பெருந்தவறு. விடியற்காலை சாங் ழெர்மேன் லொக்ஸெருவா கோவில் மணி அடித்தது. கொலிஞியைக் கொன்று ஜன்னல் வழியே வீசினார்கள். அதன்பின் தெருவில் இறங்கியது பாரிஸ் மக்களே. நகரத்தில் மட்டும் ஈராயிரம் பேராவது செத்தார்கள். அக்டோபர் வரை லியோன், ரூவான், போர்தோ என்று பரவியது. மாப்பிள்ளை நவார் ஹென்றி உயிருக்காக மதம் மாறினார்.

ரோமில் போப் பதின்மூன்றாம் கிரெகரி பதக்கம் அடித்துக் கொண்டாடினார். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்தின் அவை பிரெஞ்சுத் தூதரைத் துக்க உடையில் வரவேற்றது. கேத்தரினோ தன் கடைசி மகனுக்கு அதே எலிசபெத்தைப் பெண் கேட்கும் பேச்சைத் தொடர்ந்தார். இதை நெஞ்சழுத்தம் என்பதா, நடந்ததன் பரிமாணம் புரியாமை என்பதா, எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது. 1575இல் பெயரில்லாமல் வந்த ஒரு வசைநூல் அவரை நஞ்சூட்டும் இத்தாலியக்காரியாக வரைந்தது. புளுவா அரண்மனையில் அவர் அறைச் சுவரில் உள்ள மறைவு அலமாரிகளைக் காட்டி, இங்கேதான் விஷம் வைத்திருந்தார் என்று கதை சொல்வது பிற்காலத்து வேலை.

கடைசி மகன்

1574இல் சார்லஸ் இறக்க, போலந்துக்கு அரசராகப் போயிருந்த மூன்றாம் ஹென்றி ஓடிவந்தார். அம்மாவின் செல்லப் பிள்ளை, ஆனால் குழந்தை இல்லை. வளர்ந்த ஆள் அவர், தாய் இனிமேல் ஆட்சியாளர் இல்லை, தூதர். 1578இல் ஐம்பத்தொன்பது வயதில், வாதமும் இருமலுமாகத் தெற்கே கிளம்பினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அலைந்து, ஹூகனாட் தலைவர்களை நேருக்கு நேர் பார்த்து நெராக்கில் ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டே அது உடைந்தது. அவர் வார்த்தையை நம்பி ஆயுதத்தைக் கீழே வைக்க யாருக்கும் துணிவில்லை.

1584இல் கடைசித் தம்பியும் சாக, அரியணைக்கு அடுத்த வாரிசு நவார் ஹென்றி என்றானது. இளைய கீஸ் தலைமையில் இருந்த தீவிரக் கத்தோலிக்கர் கூட்டணியான கத்தோலிக்க லீக் கொதித்தது. 1588 மே 12 அன்று பாரிஸ் தெருக்களில் தடுப்புகள் எழுந்தபோது, அறுபத்தொன்பது வயதுக் கிழவி அந்தத் தடுப்புகளைக் கடந்து இளைய கீஸிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அரசர் நகரத்தை விட்டுத் தப்பினார். செப்டம்பரில் அதே மகன் தாயிடம் கேட்காமலே மந்திரிகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்.

டிசம்பர் 23 காலை புளுவா அரண்மனையில், நோயில் படுத்திருந்த கேத்தரினின் அறைக்கு மேல் மாடியில், அரசரின் காவலர்கள் கீஸைக் குத்திக் கொன்றார்கள். ஹென்றி கீழே இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னார். சிறைவைக்கப்பட்டிருந்த, லீக் தரப்பைச் சேர்ந்த பூர்போன் கார்டினலை ஜனவரி 1 அன்று பார்க்கப் போனார் கேத்தரின். உம் வார்த்தையை நம்பித்தான் நாங்கள் வெட்டுக்கு வந்தோம் என்று அவர் கத்த, அழுதுகொண்டே திரும்பினார். 1589 ஜனவரி 5 அன்று இறந்தார். செத்த ஆட்டை மதிக்கும் அளவுக்குத்தான் புளுவாவில் அவரை மதித்தார்கள் என்று பாரிஸ் நாட்குறிப்பாளர் லெஸ்துவால் எழுதி வைத்தார். பாரிஸ் எதிரிகள் கையில் இருந்ததால், அரசர்களைப் புதைக்கும் சேன் தெனி கோவிலில் கணவரோடு தனக்கென்று கட்டிவைத்த சமாதிக்கு உடலைக் கொண்டுபோக முடியவில்லை. இருபது ஆண்டு போல புளுவாவிலேயே கிடந்தார்.

மூன்றாம் ஹென்றியும் அந்த ஆகஸ்டில் குத்துப்பட்டு இறந்தார். அரசரானவர் மாப்பிள்ளை நவார் ஹென்றி. 1598இல் நாந்த் நகரில் அவர் கையெழுத்திட்ட ஆணை, 1562 ஜனவரி ஆணை கொடுத்ததைத்தான் விரிவாக்கிக் கொடுத்தது. அவருக்குப் பின்னால் ஒரு படை இருந்தது.

கேத்தரினின் பத்துப் பிள்ளைகளில் அப்போது மிஞ்சியிருந்தவர் மார்கரெத் ஒருத்தி. கல்யாணம் 1599இல் ரத்தானது. 1610 மே 13 அன்று சேன் தெனியில், முன்னாள் கணவரின் புது மனைவி முடிசூடும் ஊர்வலத்தில் அவரும் நடந்தார். புது அரசியும் புளோரன்ஸ்காரிதான், பெயர் மாரி தெ மெடிசி. மறுநாள் பாரிஸ் தெருவில் அரசர் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். மகனுக்கு எட்டு வயது. பாரிஸ் நீதிமன்றம் அன்று மாலைக்குள் தாயை ஆட்சித்தலைவியாக அறிவித்துவிட்டது.